நோவுக்குப் பாட்டு: ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று வன்னியில் எந்த ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் துணைக்கு நிற்பார். மகளாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், ஆள் இல்லாத வீடென்றால் அயல் வீட்டுக்காரராக இருக்கலாம். மருந்து அதன் நேரத்துக்கு வரும், சாப்பாடும் வரும். மிச்ச நேரமெல்லாம் நோயாளி நோவோடு படுத்திருக்க, துணைக்கு நிற்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் போனைத் தடவிக்கொண்டிருப்பார். அந்தப் போனை வைத்தே நோவைக் கொஞ்சம் தணிக்கலாம். அதை எப்படிச் செய்வதென்று, இதுவரை செய்து பழகாதவர்களுக்காக எழுதுகிறேன். பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சங்கீத அறிவும் தேவையில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஒப்பரேசன் செய்துகொண்டவர்களுக்குப் பாட்டுக் கேட்க வைத்துச் செய்த 73 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஏறத்தாழ 7000 நோயாளிகள். பாட்டுக் கேட்டவர்களுக்கு நோவும் பதற்றமும் குறைந்திருந்தன, நோ மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்குப் போட்டதில்கூடக் கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை. ஆக, பாட்டு நோவை முழுதாக எடுத்துவிடாது. மருந்தோடு சேர்ந்து நின்று, தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிவிடும். 'பாட்டுக் கேட்டால் மாத்திரை வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எப்படி வேலை செய்கிறது? 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இரண்டு பேர் முள்ளந்தண்டு வடத்தில் நோவுக்கு ஒரு படலை இருக்கிறது என்று விளக்கினார்கள். காயத்திலிருந்து வரும் செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. பயமும் பதற்றமும் படலையை அகலத் திறக்கும், மனம் வேறொன்றில் ஊன்றினால் படலை கொஞ்சம் சாத்தும். அந்த விளக்கம் பிறகு பலவிதமாகத் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது. பாட்டு மனத்தைப் பிடித்து வைக்கிறது, மூச்சை ஆறுதலாக்குகிறது, விறைத்த உடம்பைத் தளர்த்துகிறது. எங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எந்த ராகம் எந்த நோய்க்கு என்று போனில் சுற்றி வரும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. நீலாம்பரி கேட்டால் நித்திரை வருகிறதென்றால், சின்னனில் அந்தச் சாயலில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முரசுமோட்டையில் ரேடியோ கேட்டு வளர்ந்த கமக்காரருக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்?

முதல் வேலை: கேட்டறிவது

பாதி வேலை இதுதான். ஆறுதலாகச் செய்யுங்கள்.

"ஐயா, என்ன பாட்டு விருப்பம்?" என்று நேரே கேட்டால் முக்கால்வாசிப் பேர், "எனக்கென்ன பாட்டு, சும்மா விடு பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். நோவில் கிடக்கும் ஆளுக்குத் தெரிவு செய்வதே ஒரு பாரம். கேள்வியைப் பழைய நாட்களுக்குத் திருப்புங்கள். "இளந்தாரியா இருக்கேக்க காவலுக்கு ரேடியோ கொண்டு போறனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்த கதை வரும், கொட்டிலில் தொங்கிய ரேடியோ வரும், இலங்கை வானொலியில் விடியப்புறம் போன பாட்டு வரும். நீங்கள் தேட வேண்டிய பாட்டு அந்தக் கதைக்குள்ளே இருக்கும். பொதுவாகப் பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் கேட்ட பாட்டுத்தான் ஆளோடு கடைசிவரை நிற்கிறது. ஆளின் வயதைக் கணக்குப் பார்த்தாலே எந்தக் காலத்துப் பாட்டைத் தேடலாம் என்று பிடிபட்டுவிடும்.

எல்லோருக்கும் சினிமாப் பாட்டுத்தான் என்று நினைக்க வேண்டாம். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடியவருக்கு அண்ணாவியாரின் குரலும் தாளமும்தான் பாட்டு. மடுவுக்கு வருசம் தவறாமல் போய்வந்த அம்மாவுக்கு மாதா பாட்டு. அருவி வெட்டுக்கு ஆட்களோடு இறங்கிய பெண்களுக்கு அங்கே பாடிய பாட்டுகள் நினைவில் இருக்கும், அவற்றைப் போனில் தேடிப் பிடிக்க முடியாது. அவர்களையே பாடச் சொல்லிப் போனில் பதிந்து வையுங்கள். தன் குரலையே திருப்பிக் கேட்டுச் சிரித்த ஆச்சிமார் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பாடி அனுப்பச் சொல்லலாம். சுருதி பிசகினாலும் பரவாயில்லை, அந்தக் குரலுக்கு இருக்கும் பலம் வேறு.

தேவாரம் திருவாசகத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவது எங்கள் வழக்கம். அதை விடுதியில் ஒலிக்கவிட்டால் அந்த நோயாளி என்ன நினைப்பார், பக்கத்துக் கட்டில்காரர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். சிவபுராணம் சிலருக்குக் காலை எழுந்ததும் சொல்லும் பாட்டு, வேறு சிலருக்குச் சாவீட்டு நினைவு. கேட்காமல் போடாதீர்கள். கேட்ட பிறகு அவரே வேண்டுமென்றால் தாராளமாகப் போடலாம்.

அடுத்தது போர். 2009ஐக் கடந்து வந்தவர்களின் காதுக்குச் சில சத்தங்கள் பாட்டாகக் கேட்பதில்லை. திடீரென்று இடிக்கும் அடித்தாளம், தலைக்கு மேலால் போவதுபோல எழும் இரைச்சல், சைரன், இவை செல்லடியையும் குண்டு போட வந்த கிபிர் விமானத்தையும் கொண்டுவந்துவிடும். புதிய சினிமாப் பாட்டுகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. நீங்கள் முதலில் முழுப் பாட்டையும் கேட்டுப் பார்த்துவிட்டே போடுங்கள். முள்ளிவாய்க்காலில் இழந்த பிள்ளைக்குப் பிடித்த பாட்டு என்ன செய்யும் என்று வெளியாளால் சொல்ல முடியாது. சில தாய்மார் அதைத்தான் கேட்பார்கள், சிலர் அந்தப் பாட்டுப் போகும் வீட்டுப் படலையைக்கூடத் தாண்டமாட்டார்கள். ஆகவே விருப்பமான பாட்டுகளைக் கேட்கும்போதே, "எந்தப் பாட்டுப் போடக்கூடாது?" என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுகளைச் சேர்ப்பது

அரை மணித்தியாலத்துக்கு ஏழெட்டுப் பாட்டுப் போதும். நோவைத் தணிக்க நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரும் ஆறுதலான பாட்டுகளைத்தான் வழமையாகப் பயன்படுத்துகிறார்கள். சுவர் மணிக்கூட்டின் செக்கன் கம்பியைப் பார்த்துக்கொண்டு தாளம் போடுங்கள். செக்கனுக்கு ஒரு தட்டு, அல்லது கொஞ்சம் கூட என்றால் சரி. ஆனால் ஆள் பதகளிப்பட்டுக் கிடக்கும்போது எடுத்த எடுப்பில் மெதுவான பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். இசைச் சிகிச்சையாளர்கள் ஆளின் அப்போதைய நிலைக்குப் பொருந்தும் வேகத்தில் தொடங்கி, பாட்டுக்குப் பாட்டு இறக்கிக்கொண்டு போவார்கள். கூத்துக்காரருக்கு முதலில் துள்ளலான தரு, கடைசியில் விருத்தம் என்று வைத்துப் பாருங்கள்.

பாட்டுகளைப் போனிலோ மெமரி காட்டிலோ இறக்கி வையுங்கள். யூடியூப்பில் நேரே போட வேண்டாம். புண்ணைத் துடைக்கிற நேரத்தில் பாட்டு நின்று, சீமெந்து விளம்பரம் கத்தும். ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் பல இடங்களில் கவரேஜும் இராது. போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் இடையில் அழைப்பும் வராது.

இயர்போனா, ஸ்பீக்கரா என்றால் விடுதியில் இயர்போன்தான். பக்கத்துக் கட்டில்காரருக்கு உங்கள் பாட்டு வெறும் சத்தம். காதுக்குள் செருகும் வகையைவிட மேலால் மூடும் ஹெட்போன் துடைக்க இலகு. ஒருவர் பாவித்ததை மற்றவருக்குக் கொடுக்க முன்னர் ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். காதில் சீழ் வடிபவருக்கு எதையும் செருக வேண்டாம். குண்டுச் சத்தத்தில் ஒரு காது போனவர்கள் எங்களிடம் கனபேர். எந்தக் காது கேட்கும் என்று கேட்டு, அந்தக் காதுப் பக்கம் தலையணைக்குக் கீழே போனை வைத்தால் போதும், பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்காது. சத்தம் போனின் உச்ச அளவில் 60 வீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்டுப் போகும்போது நீங்கள் மெல்லக் கதைப்பது நோயாளிக்குக் கேட்க வேண்டும்.

விடுதிப் பொறுப்புத் தாதியிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். "மிஸ், அப்பாவுக்கு மருந்து கட்டேக்க பாட்டுப் போடலாமோ?" என்று கேட்டால் வேண்டாம் என்பவர்கள் குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் அவர்கள் சொன்னபடிதான்.

நோவை அளப்பது

பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு கேள்வி. "நோவே இல்லையெண்டா பூச்சியம், தாங்கவே ஏலாதெண்டா பத்து. இப்ப எத்தினை?" விடையைத் திகதி, நேரம், எந்தப் பாட்டு என்பவற்றோடு கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணில் சொல்லத் தெரியாத வயதானவர்களிடமும் சிறுபிள்ளைகளிடமும் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை ஆறு முகம் கீறிக் காட்டி, விரலால் தொடச் சொல்லலாம். எட்டு ஆறாக இறங்கினால் அதுவே நல்ல பலன். இறங்காவிட்டால் பாட்டையோ நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். ஏறினால் நிறுத்துங்கள்.

எங்கள் ஆட்கள், அதுவும் ஆம்பிளைகள், நோவைக் குறைத்துத்தான் சொல்வார்கள். டொக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள், டொக்டர் போனதும் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடிப்பார்கள். வாயால் வரும் எண்ணை மட்டும் பார்க்காமல் கை, நெற்றி, மூச்சு மூன்றையும் பாருங்கள்.

நேரம்: நோவுக்கு முன்னே தொடங்குவது

புதிதாகத் தொடங்குபவர்கள் நோ உச்சத்துக்குப் போன பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, "இது சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது மனம் எதிலும் ஊன்றாது. நோ வரப்போகும் நேரம் தெரிந்திருந்தால் அதற்குக் கால் மணித்தியாலம் முன்னரே தொடங்குங்கள்.

சீனி வருத்தத்தால் காலில் புண் வந்து மருந்து கட்டுவதை எடுத்துக்கொள்வோம். வன்னியில் வெறுங்காலோடு வயலில் நின்று இந்தப் புண்ணைத் தேடிக்கொண்டவர்கள் நிறையப் பேர். காலையில் தாதியிடம் இரண்டு விசயம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு மருந்து கட்டுவார்கள், அதற்கு முன் நோ மாத்திரை இருக்கிறதா. மாத்திரை வேலை செய்ய அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கலாம், ஆகவே அது முதலில். பிறகு பாட்டு. ட்ரொலி விடுதி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதுமே பலருக்கு உடம்பு விறைக்கும். அந்தச் சத்தம் வரும்போது பாட்டு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் தலைமாட்டில் நில்லுங்கள். நோயாளியின் முகம் உங்கள் பக்கம், கால் தாதியின் பக்கம். பழைய துணி ஒட்டியிருந்தால் சேலைன் ஊற்றி நனைத்து எடுப்பார்கள். துணி உரியும் அந்த நேரம்தான் கூட நோகும், அதற்குக் கொஞ்சம் முன்னே அவருக்குப் பிடித்த வரி வரும்படி பாட்டை வைத்தால் நல்லது. பிடித்த வரியில் உதடு அசையும். அசைந்தால் "பாடுங்கோ ஐயா" என்று சொல்லிச் சேர்ந்து முணுமுணுங்கள். பாடும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது, நோவுக்கு நல்லது அந்த நீண்ட மூச்சுத்தான். பாடமாட்டேன் என்றால் தாளம் போடக் கையைக் கொடுங்கள். சும்மா கேட்பதைவிடச் சேர்ந்து செய்வது நோவிலிருந்து ஆளைக் கூடத் தூரம் இழுத்துப்போகும்.

நிறுத்தும் பொத்தான் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்போது சாப்பிடுவது, எப்போது குத்துவது, எப்போது விளக்கை அணைப்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். பாட்டாவது அவர் சொல்படி நடக்கட்டும். போன் பொத்தான் தெரியாவிட்டால் கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள், உயர்த்தியதும் அந்த வரி முடியட்டும் என்று காத்திருக்காமல் நிறுத்துங்கள்.

கட்டி முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். அப்புறம் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

சில வேறு நோவுகள்

கால் போனவர்களுக்கு, இல்லாத காலிலேயே நோ வரும். பெருவிரல் நெரிகிறது, பாதம் எரிகிறது என்பார்கள். இது கற்பனை இல்லை. துண்டிக்கப்பட்ட நரம்புகளிலும், அந்தக் காலுக்கென்று மூளையில் இருக்கும் இடத்திலும் நடப்பது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி முறையைக் கொண்டுவந்தார். நல்ல காலின் பிம்பம் இல்லாத கால் இருக்கும் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து, நல்ல காலை அசைப்பது. இந்தப் பயிற்சியை இயன்மருத்துவரிடம் பழகிய பின், வீட்டில் ஆறுதலான தாளத்துக்குச் செய்யலாம். வெட்டிய காலில் மிஞ்சியிருக்கும் பகுதியைத் தடவிவிடும்போதும் தாளம் உதவும். இந்த நோ கனபேருக்கு இரவில்தான் கூடும் என்பதால் படுக்கப்போக அரை மணித்தியாலம் முன்னரே தொடங்குங்கள். உடம்புக்குள் செல் துண்டோடு இருப்பவர்களுக்கு ஒரே இடத்தில் புதிதாக வீக்கமோ காய்ச்சலோ வந்தால் பாட்டை விட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் கூட. இரத்தம் சுத்திகரிக்க ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலம் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். இங்கே பாட்டு இரண்டு நேரத்தில் உதவும்: தடித்த ஊசி குத்தும்போதும், கடைசி மணித்தியாலத்தில் உளைச்சல் எடுக்கும்போதும். இடையில் ஆளை நித்திரை கொள்ள விடுங்கள். நாலு மணித்தியாலமும் பாட்டுப் போட்டால் சுகதேகிக்கே தலையிடி வரும்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து வீட்டில் படுத்திருப்பவருக்கு மோர்பின் எழுதிக் கொடுத்திருந்தால், அதை மணி தவறாமல் கொடுப்பதுதான் முதல் வேலை. பாட்டு அந்த மணிகளுக்கு இடையில். இவர்களுக்குப் புதுப் பாட்டுத் தேடி அலைய வேண்டாம், வீட்டில் வழமையாகக் கேட்ட சத்தங்களே போதும். பின்னேரம் தூரத்துக் கோயிலில் போகும் பாட்டுக்கு யன்னலைத் திறந்துவிட்டாலும் சரிதான்.

சிறுபிள்ளைகளுக்குப் போனைவிட ஆள் நல்லது. ஊசி போடும்போது தாய் மடியில் வைத்து, பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பாடட்டும். அடுத்த சொல்லைப் பிள்ளை சொல்லும்படி இடம் விட்டுப் பாடினால் அது அழ மறந்து சொல்லைத் தேடும்.

பாட்டுப் போடக்கூடாத நேரம்

காரணம் தெரியாத புது நோவைப் பாட்டால் மூடிவிடாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், வயிறு பலகைபோல் விறைப்பது, திடீரென்று வந்த பெரிய தலையிடி, ஒப்பரேசன் செய்த இடம் சிவந்து சூடாவது, பாம்பு கடித்த கால் வீங்குவது, இவற்றுக்கு விடுதியில் என்றால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள், வீட்டில் என்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஆள் குழம்பிக் கதைக்கும்போதும், வாந்தி எடுக்கும்போதும், டொக்டர் சுற்றிப் பார்க்க வரும்போதும் காதிலிருப்பதைக் கழற்றுங்கள்.

பாட்டுக் கேட்டு அழுதால் பதறி நிறுத்த வேண்டாம், "நிப்பாட்டவோ, விடவோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடச் சொல்வார்கள். ஆனால் நடுங்கி, வியர்த்து, கண் ஓரிடத்தில் குத்தி நின்றால் உடனே நிறுத்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, இதை அங்கே சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியின் அந்தக் கடைசிப் பக்கத்தை டொக்டரிடம் காட்டுங்கள். பத்து நாள் எண்கள் வரிசையாக இருந்தால் நோ எப்போது ஏறுகிறது என்று அவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எண் இறங்குகிறதே என்று நீங்களாக ஒரு நேர மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.